அக்கா உளுவையும் மனைவி உளுவையும்

எதைக் கண்டாலும், யாரைக் கண்டாலும், "இது எந்த வகை?" என்று முடிவு கட்டாமல் அடுத்த வாய் காப்பி குடிக்க முடியாத ஓர் உயிரினம் உலகத்தில் உண்டு. இதற்கு இனம்பிரிப்பான் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் ஒன்று இருக்கலாம். அலுவலகத்தில் நிச்சயம் இருக்கும். தோற்றத்தை வைத்து அடையாளம் காண்பது கஷ்டம். குட்டையும் உண்டு, நெட்டையும் உண்டு, வழுக்கையும் உண்டு. ஆனால் ஒரு புது ஆளை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். கை கொடுக்கும்போதே கண் மேலும் கீழும் ஓடும். "ஓஹோ, நீங்க அந்த ரகமா!" என்று ஒரு சிரிப்பு வரும். அவ்வளவுதான். உங்களை ஜாடியில் போட்டு மூடியைத் திருகியாயிற்று. இனி நீங்கள் தலைகீழாக நின்றாலும் வெளியே வர முடியாது.

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். வாருங்கள், உளுவையாரைப் பார்ப்போம்.

உளுவையார் கடலோர அருங்காட்சியகம் ஒன்றில் மீன் பிரிவின் தலைவர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலோடு சரி. வாழ்நாளெல்லாம் உளுவை மீனையே கட்டிக்கொண்டு அழுதவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? உளுவை பெரும்பாலும் விரல் நீளத்தைத் தாண்டாத மீன். அடிப்பக்கத்துத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து கிண்ணம்போல் ஆகியிருக்கும். அதை வைத்துக் கல்லைக் கவ்விக்கொண்டு, அலை வந்தாலும் அசைந்து கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும். இது இல்லாத இடமும் இல்லை. பவளப்பாறை இடுக்கில் இருக்கும், ஆற்று மணலில் இருக்கும், அருவிப் பாறையைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும், தண்ணீரே வேண்டாம் என்று சேற்றில் துள்ளித் திரியும், கண் சரியாகத் தெரியாத இறால் தோண்டிய வளைக்குள் ஒண்டுக்குடித்தனம் புகுந்து, வாடகைக்குப் பதிலாக வாசலில் நின்று காவல் காக்கும். இவற்றையெல்லாம் எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றாக இருந்தவற்றுக்குப் பாகப்பிரிவினை செய்வார்கள். தனிக்குடித்தனம் போனதைத் திரும்ப அழைத்து வந்து பெரிய வீட்டில் சேர்ப்பார்கள். நம் உளுவையாருக்கு இதைவிட இன்பமான வேலை ஏது?

அந்த இன்பத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கொண்டு வருவார். விருந்துக்கு வந்து சோபாவை விட்டு எழுந்திருக்காத மைத்துனரிடம், "நீங்க கல்லைக் கவ்வுற வகை, மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை அதற்கப்புறம் வந்தால் நாற்காலியில்தான் உட்காருகிறார். மாடி வீட்டில் மனைவி தையல் இயந்திரத்தில் குனிந்தே கிடப்பாள், கணவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பான். "இறாலும் உளுவையும்!" என்று படிக்கட்டிலேயே கூவினார். அருங்காட்சியக இயக்குநர் நிலத்திலும் நிற்காத நீரிலும் நிற்காத சேற்றுத் துள்ளி. இதைக் கூட்டத்தில் சொன்னார். பதவி உயர்வு அத்தோடு நின்றது.

இவ்வளவு பிரித்தவர் பெண்டாட்டியையும் உடன்பிறந்தவளையும் மட்டும் சும்மா விடுவாரா?

அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. ஆகவே இளைஞராக இருந்தபோது, கழிமுகத்துக் கடற்புல்லில் யாரும் அதுவரை பார்க்காத ஓர் உளுவையைக் கண்டுபிடித்ததும் அதற்கு அக்காவின் பெயரை வைத்தார். பிறகு கல்யாணம் ஆயிற்று. கல்யாணமான மறுவருஷம், அதே கழிமுகத்தில், சிப்பி ஓடுகளுக்குள் இன்னோர் உளுவை அகப்பட்டது. முதுகுத் துடுப்பு உயரம், தாடை கறுப்பு. இதற்கு மனைவியின் பெயரை வைத்தார். அந்த மீனின் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அவளுக்கு இத்தனை வருஷத்தில் அவர் கொடுத்த பரிசு அது ஒன்றுதான். வளையல் கேட்ட வருஷமும் மீனைக் காட்டினார். ஊருக்குப் போகலாம் என்று கேட்ட வருஷமும் மீனைக் காட்டினார். அவளும், பாவம், வந்தவர்களிடமெல்லாம், "என் பேர்ல கடல்ல ஒரு மீன் இருக்குங்க" என்று படத்தைத் துடைத்துக்கொண்டே சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் வளையலெல்லாம் ஒன்றும் பெரிதில்லை என்று உங்களுக்கே தோன்றும்.

அக்காவும் மனைவியும் கல்யாணமான புதிதில் ஒரு ஜன்னல் திரைச்சீலையின் நிறத்துக்காக ஒருமுறை முட்டிக்கொண்டார்கள். உளுவையாருக்கு ஒரே ஒரு மாதிரி கிடைத்தால் போதாதா? "இரண்டும் எல்லை காக்கும் வகை. ஒரே தொட்டியில் விட்டால் ஒரு துடுப்பு மிஞ்சாது" என்று தீர்மானித்துவிட்டார். அக்கா வரட்டுமா என்று கேட்டால் "அவளுக்கு உடம்பு சரியில்லக்கா" என்பார். மனைவி போகலாமா என்று கேட்டால் "அக்கா வெளியூர்" என்பார். இப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. தம்முடைய சாமர்த்தியத்தால்தான் குடும்பத்தில் அமைதி நிலவுகிறது என்று அவருக்குப் பெருமை வேறு.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய எதிர்மேசைக்கு ஓர் இளம் ஆராய்ச்சியாளர் வந்து சேர்ந்தாள். கழிமுகத்திலிருந்து இரண்டு மீனையும் உயிரோடு பிடித்து வந்து இரண்டு தொட்டிகளில் விட்டிருந்தாள். உளுவையார் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்தபோது ஒரு தொட்டி ஒழுக ஆரம்பித்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட வேண்டியதாயிற்று. அவர் திரும்பி வந்த அன்று காலையில் அவள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் தொட்டிகிட்ட வர்றீங்களா? கோபப்படக் கூடாது."

"கோபப்படுற வகை நான் இல்லம்மா. என்ன, ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் கொன்னுடுச்சா?"

தொட்டிக்குள் ஒரு சிப்பி ஓடு கவிழ்ந்து கிடந்தது. அதன் உட்புறத்தில் பொடிப் பொடியாய் முட்டைகள் ஒட்டியிருந்தன. வாசலில் மனைவி உளுவை நின்றுகொண்டு, துடுப்பால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தது.

"முட்டை யாரோடது?"

"அக்கா மீன் போட்டது, சார். நானே பார்த்தேன்."

"அப்ப இது எதுக்கு நின்னு விசிறுது?"

"அப்பான்னா நிக்கத்தானே சார் வேணும்? உளுவையில ஆம்பளதானே காவல்!"

உளுவையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பக்கத்து வீட்டு முட்டையைப் பார்த்துக்குதோ என்னவோ" என்றார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைதானா என்று அவருக்கே சந்தேகம்.

"மரபணுவும் பார்த்துட்டேன் சார். ரெண்டும் ஒரே மீன்தான். புல்லுக்குள்ள மேயுறது பொண்ணு. ஓட்டுக்குள்ள முட்டைக்குக் காவல் இருக்கறது ஆணு. அதான் உங்களுக்கு ரெண்டும் வேற வேற எடத்துல கிடைச்சிருக்கு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம் சார், தப்பா நினைக்காதீங்க. அக்கா மீன் ஜாடியில 'ஆண் இதுவரை கிடைக்கவில்லை'ன்னு உங்க கையெழுத்துல இருக்கு. வீட்டம்மா மீன் ஜாடியில 'பெண் இதுவரை கிடைக்கவில்லை'ன்னு இருக்கு. ரெண்டு ஜாடியும் பக்கத்துல பக்கத்துல ஒரே அலமாரியிலதான் சார் இருக்கு."

முப்பது வருஷமாக அந்த அலமாரியைத் தினம் திறந்து மூடியவருக்கு அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

தப்பு என்று தெரிந்தால் திருத்த வேண்டியதுதானே என்பீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒரே மீனுக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயரே நிற்கும். இது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விதி. முதலில் வைத்தது அக்கா பெயர். ஆகவே கடலில் இருக்கிற அத்தனை மீனும் இனி அக்கா. மனைவி இல்லை. கட்டுரையில் அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எதிர்மேசைக்காரி பணிவாகக் கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசித்தாரா? இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா மீனைப் பற்றித் தாம் எழுதிய பழைய கட்டுரையில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். ஓர் ஓட்டை இருந்தால் போதும், அக்கா பெயர் செல்லாது, மனைவி பிழைப்பாள். அடுத்தவர் கட்டுரையில் அரைப் பக்கத்துக்குள் ஒன்பது குற்றம் கண்டுபிடிக்கிறவருக்குத் தம் கட்டுரையில் ஒன்றுகூட அகப்படவில்லை. அத்தனை கச்சிதமாக எழுதித் தொலைத்திருந்தார்.

வீட்டில் எப்படிச் சொல்வது? நாத்தனார் பெயருக்காகத் தன் பெயர் போய்விட்டது என்று தெரிந்தால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்? அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. கொடுத்தது ஒரே பரிசு, அதையும் திருப்பிக் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாலை சமையலறைக்குள் நுழைந்து, கேட்காமலே வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார்.

மனைவி அடுப்பை அணைத்தாள். "நீங்க வெங்காயம் நறுக்குற வகை இல்லையே. என்ன தப்பு பண்ணீங்க?"

கண்ணில் வழிந்த தண்ணீர் முழுவதும் வெங்காயத்தினுடையது என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி ஒழுகியது, முட்டை, அலமாரி, விதி. கடைசியில் ஆறுதலாக, "உன் பேர் அடியோட போயிடாதும்மா. அக்கா பேரைப் போட்டு, அதுக்குக் கீழ உன் பேரையும் எப்பவும் எழுதுவாங்க" என்றார்.

"கீழயா?"

அவள் திருப்பிக் கேட்ட பிறகுதான் தாம் சொன்ன சொல்லின் எடை அவருக்குத் தெரிந்தது. மனைவி கூடத்துக்குப் போய்ப் படத்தைக் கழற்றினாள். மாட்டியிருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிரே நிற்கும் ஆள் எந்த வகை என்று உளுவையாருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஏங்க, அந்த முட்டையைக் காவல் காத்தது எது?"

"உன் பேர் வெச்சது."

"உங்க அக்கா மீன்?"

"அது போட்டுட்டுப் புல்லுக்குள்ள போயிடும். இதுதான் ஓட்டுக்குள்ளயே கிடந்து விசிறும். சரியா சாப்பிடக்கூட செய்யாது."

மனைவி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்று அவர் எழுந்தே விட்டார். அவள் சிரித்தாள். சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தாள்.

"நம்ம வீட்டுக் கதைதானே! அவங்க வளர்த்து என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. அன்னிலேருந்து நான் நின்னு விசிறிக்கிட்டிருக்கேன். பேரை அவங்க வெச்சுக்கட்டும். இந்த வேலையைக் கொஞ்ச நாள் எடுத்துப்பாங்களான்னு கேட்டுட்டு வரேன்."

சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தாள். உளுவையார் பதறினார். ஒரே தொட்டி! ஆனால் அவள் எண்ணைத் தேடவில்லை. விரல் தானாகவே போயிற்று. அந்தப் பக்கத்துக் குரல் கூடம் வரைக்கும் கேட்டது.

"என்னடி, இன்னிக்கு வியாழக்கிழமை இல்லையே?"

"அண்ணி, ஒரு விசேஷம். நீங்களும் நானும் ஒரே மீனாம்!"

பிறகு இரண்டு பக்கமும் சிரிப்பு. உளுவையார் நடுவில் நின்றார். கொஞ்சம் பொறுத்து மனைவி ஃபோனை அவர் காதில் வைத்தாள்.

"டேய் தம்பி, வாரா வாரம் நீ வேலைக்குப் போனதும் நாங்க பேசிக்கறோம்டா. அந்தத் திரைச்சீலையை நான்தான் அப்புறம் தச்சுக் கொடுத்தேன். உன்கிட்ட சொன்னா அதுக்கும் ஒரு ஜாடி தேடுவேன்னுதான் சொல்லல" என்றாள் அக்கா.

மறுநாள் உளுவையார் கட்டுரையில் கையெழுத்துப் போட்டார். படம் திரும்பக் கூடத்தில் ஏறியது. மனைவி அவர் கையாலேயே அக்கா பெயரை மேலே எழுதவைத்து, தன் பெயரை அழிக்காமல் விட்டாள். வருகிறவர்களிடம், "இதுல காவல் காக்கறது நான்" என்று இப்போது சொல்கிறாள். வளையலும் வந்தது.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அன்று மாலையே எதிர்மேசைக்காரியிடம் குரலைத் தாழ்த்தி, "நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ரகசியமா ஒத்துப்போற வகை. ரொம்ப அபூர்வம்மா! இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணல" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதைப் படிக்க ஆரம்பித்த இரண்டாவது பத்தியிலேயே "நம்ம சித்தப்பா அசல் இந்த ரகம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியும் விட்டீர்கள். சரி, அந்தச் சித்தப்பாவை ஜாடியில் போட்டு மூடியைத் திருகியது யார்? வெளியே ஏதாவது எழுதி ஒட்டியிருக்கிறீர்களா என்று போய்ப் பாருங்கள். "நல்ல குணம் இதுவரை கிடைக்கவில்லை" என்று இருந்தால், தயவுசெய்து பக்கத்து ஜாடியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.