செக்செக் அண்ணாச்சி வாங்கிய பெட்டி

ராஜபாளையத்தில் மைக்செட் போட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் மைக் இல்லாத இடத்திலும் மைக் டெஸ்ட் செய்தவர் செக்செக் அண்ணாச்சி ஒருவர்தான். செல்போனை எடுத்தால் 'செக்... செக்...'. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோதுகூடக் குனிந்து அதில் 'செக்... செக்...' என்றாராம். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். எதிரில் இருப்பவர் "கேக்குது அண்ணாச்சி" என்று சொல்லும்வரை அவர் அடுத்த வார்த்தை பேசமாட்டார்.

நான் அப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். அடுத்த வீடு அண்ணாச்சியுடையது. அதை ஒட்டியே பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடம். அண்ணாச்சியின் மனைவி செல்வக்கனி மதினி அங்கே தறி ஓட்டினார். ஓட்டும்போது பாடுவார். வாய் அசைவது தெரியும், பாட்டு ஒருவர் காதிலும் விழாது. வீட்டுக்கு வந்தாலும் அதே தறிச் சத்தம்தான்.

ஒருநாள் அண்ணாச்சி என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஊருல உள்ளவன் பாட்டையெல்லாம் ஊருக்கே கேக்க வச்சேன். எம் பொண்டாட்டி பாட்டை நான் ஒருக்காகூட முழுசாக் கேட்டதில்ல. வீட்டுலயே ரெக்கார்டிங் ரூம் போடணும். எம்புட்டு ஆகும்?"

மைக் அவரிடம் இருந்தது, லேப்டாப் என்னிடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கையகலப் பெட்டி ஒன்று வேண்டும். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் பழையது நாலு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் பாட்டுப் பாடிக் காட்ட மைக்கை எடுத்தார். அண்ணாச்சி அதைப் பிடுங்கித் துண்டால் சுற்றினார். ஹெட்போனை மாட்டினார். பெட்டியில் சத்தம் கூட்டும் குமிழை முழுக்கத் திருகிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் பத்து நிமிஷம். கடைக்காரர் மிரண்டுபோனார்.

"அண்ணாச்சி, அப்படி என்னத்தக் கேக்கிய?"

"பாட்டுப் போட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். சும்மா இருக்கையில இது என்ன பேசுதுன்னு பாக்கணும்லா. ஒண்ணு ஈ மாதிரி இரையுது. இன்னொண்ணு எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரியுது."

மூன்றாவது பெட்டி துளி இரைச்சல் இல்லாமல் மூச்சே விடவில்லை. நான் காசை எடுத்தேன். அண்ணாச்சியோ அதை ஒதுக்கிவிட்டு, லேசாக இரைந்த நாலாவதைக் கையில் எடுத்தார்.

"அதுக்குத் தனியாக் கரண்டு வேணும். இது லேப்டாப் வயருலயே ஓடும். தறி எப்ப நிக்கும்? மாசத்துக்கு ஒருநாள் ரிப்பேர் பாக்கக் கரண்டை நிறுத்துவான்லா, அப்ப. உம் பெட்டியை எதுல சொருகுவ?"

எஞ்சினியரிங் படித்த நான் எடுத்த காசை நாலாவது பெட்டிக்கே கொடுத்தேன்.

அறையில் எதிரொலி வரக்கூடாதென்று சுவர் முழுக்க ஆஸ்பத்திரிப் பஞ்சை ஒட்டினார். மறுநாளே கையில் வெட்டுக் காயத்தோடு ஒருவர் வந்து, நர்ஸ் எப்போது வருவார் என்று கேட்டார்.

அந்த மாதக் கரண்ட் நிறுத்தத்தன்று காலை ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. தெருவே காது அடைத்தாற்போல் ஆனது. மதினி புதுச்சேலை கட்டி மைக் முன்னால் உட்கார்ந்தார். அண்ணாச்சி குனிந்து 'செக்... செக்...' என்றார். பதிவு ஓடத் தொடங்கியிருந்ததால், கேட்கிறது என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மதினி வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை. மூன்று முறை முயன்றார்.

"தறி ஓடுனாத்தான் எனக்குத் தாளம் வருது. இப்படிச் சத்தமே இல்லாம இருந்தா பயமா இருக்கு."

அண்ணாச்சியின் முகம் விழுந்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை பாடு! லேப்டாப் சார்ஜ் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு மதினிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையைத் தட்டிக்கொண்டு வாயாலேயே தறி ஓட்டத் தொடங்கினார்.

"டடக்கு டடக்கு... டடக்கு டடக்கு..."

மதினி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பாடினார். நாலு நிமிஷமும் அண்ணாச்சி தறியை நிறுத்தவில்லை. கண்ணில் வழிந்ததைத் துடைக்கக் கையை எடுத்தால் தாளம் போய்விடும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

அதன்பிறகு தினமும் காலையில் ஹெட்போனில் அதைக் கேட்டார். ஒரே ஒரு குறைதான்.

"தம்பி, எஞ் சத்தம் பூராத்தையும் எடுத்துரு. அவ குரல் மட்டும் போதும்."

ஒரே மைக்கில் பதிந்ததைப் பிரிப்பது கஷ்டம், தொடக்கத்தில் வரும் செக்செக்கை வேண்டுமானால் வெட்டித் தருகிறேன் என்றேன். அதைக்கூடச் செய்யாமல் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன்.

போன தை மாதம் அண்ணாச்சி இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனபோது பஞ்சுச் சுவர் அப்படியே இருந்தது. குற்ற உணர்ச்சியோடு மதினியிடம் கேட்டேன்.

"அண்ணாச்சிக்குச் சொன்னபடி அந்தச் செக்செக்கை வெட்டித் தரட்டா மதினி?"

"எம் பாட்டை வேணும்னா வெட்டிக்கோங்க தம்பி. அவிய சத்தத்தைத் தொட்டுராதிய."

அந்தப் பதிவு என் போனிலும் இருக்கிறது. அவர் நினைப்பு வரும்போதெல்லாம் போடுகிறேன். 'செக்... செக்...' என்கிறார். பாட்டு தொடங்கும்முன் நிறுத்திவிட்டு, அன்று வெறுமனே தலையாட்டியதற்கும் சேர்த்து வாய்விட்டுச் சொல்கிறேன்:

"கேக்குது அண்ணாச்சி."