மருந்து பெரியவருக்கு, எனக்கல்ல

தூஸ்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

காபிஸில் இருக்கும் மைத்துனர் முன்ஸிஃப் அவர்களுக்கு, உங்கள் மீதும் வீட்டார் மீதும் சாந்தி உண்டாகட்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் நம் நாலுகால் வேட்டைக்காரர், சுலூகி மப்ரூக்கும் இறைவன் அருளால் நலம். அவருக்குத்தான் கொஞ்சம் அசதி.

நேற்று நீங்கள் தொலைபேசியில் கத்தினீர்கள். யாராவது சத்தம் போட்டால் சொல்ல வந்தது மறந்துபோகும் என்பதும், எழுத உட்கார்ந்தால்தான் ஒழுங்காக வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். "எங்க அக்கா போயி ரெண்டு வருஷம் ஆகல, அதுக்குள்ள உங்களுக்கு மாப்பிள்ளை மருந்து கேக்குதா? யாரு அந்த ரீம்? நம்ம வீட்டுப் பொண்ணைக் கெபிலிக்காரரோட ஆணுக்கே விட்டுக்கறேன், போங்க!" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். முன்ஸிஃப், ரீம் உங்கள் சுலூகி. நீங்கள் கெபிலிக்கு அனுப்புவதாகச் சொன்ன அதே பொண்ணுதான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ரீம் பருவத்துக்கு வரும்போது மப்ரூக்கோடு சேர்ப்பது என்று போன குளிர்காலத்தில் பேசிக்கொண்டோம் அல்லவா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவருக்கு வயது பதினொன்று. அந்த வயதில் சுலூகி முயலைப் பார்த்தால் எழுந்து மட்டும் நிற்கும், அதற்கு ஈடான வயதில் மனிதன் அதுவும் செய்யமாட்டான். அதனால் கால்நடை மருத்துவர் இப்திஸாமிடம் அழைத்துப்போனேன். விந்து மாதிரி எடுத்த விதத்தை நான் எழுதமாட்டேன், அந்த நேரம் முழுவதும் சுவரில் இருந்த ஒட்டக நோய் அட்டவணையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"வாத்தியாரே, ஆளுங்க கம்மி. அதுலயும் பாதிப் பேரு தூங்குறாங்க. மீதிப் பேரு ஒரே இடத்துல வட்டம் போடுறாங்க."

"நேரா போறவங்க யாரும் இல்லையா, அம்மா?"

"நாலஞ்சு பேரு இருக்காங்க. அவங்களும் யோசிச்சு யோசிச்சுத்தான் போறாங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கணக்கு நடத்திய வகுப்புகள் ஞாபகம் வந்தன. வயதானால் ஆணுக்குப் புராஸ்டேட் வீங்குமாம், இவருக்கும் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம். சூடான தரையில் படுத்தால் விந்து கெடுமாம். புதிதாக ஊற இரண்டு மாதம் ஆகுமாம், அதுவரை ஓய்வு வேண்டுமாம். கடைசியில் ஒன்று கேட்டார்: "இவரு வேற எங்கயாச்சும் செலவு பண்ணிட்டு வர்றாரா?" எனக்குக் கோபம் வந்தது. "மப்ரூக் என் முற்றத்தைத் தாண்டினதே இல்லை, டாக்டரம்மா" என்று, நான் பேசுகிற சத்தத்துக்குக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

வம்பு மருந்துக்கடையில்தான் தொடங்கியது. கடைக்கார லஸாத் எனக்குப் பின்வீட்டுக்காரர், வாய் நீளம். கடை நிறையக் கூட்டம். மீனெண்ணெய் மாத்திரையும் வைட்டமினும் கேட்டேன்.

"யாருக்கு வாத்தியாரே?"

சுலூகியை நாய் என்று சொன்னால் உங்கள் அப்பா ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசமாட்டார். அந்த வீட்டு மாப்பிள்ளை நான், நாலு பேர் முன்னால் 'நாய்க்கு' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "வீட்டுல இருக்கிற பெரியவருக்கு" என்றேன்.

"வயசு?"

மருந்தின் அளவுக்குக் கேட்கிறார் என்று நினைத்து மனிதக் கணக்குக்கு மாற்றினேன். "எழுபது வச்சுக்கோங்க."

"என்ன தொந்தரவு?"

"தொந்தரவுன்னு இல்லை. ரீம் வரப்போறா. அதுக்குள்ள இவரு தயாராகணும்."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. லஸாத் மாத்திரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "மப்ரூக், வாத்தியாரே, மப்ரூக்!" என்று வாழ்த்தினார். கல்யாண வாழ்த்துக்குச் சொல்லும் 'மப்ரூக்' அது என்று உறைக்காமல், விஷயம் புரிந்துகொண்டு நம்மவர் பெயரைச் சொல்கிறார் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலையே முடிவெட்டுகிறவர் பணம் வாங்க மறுத்து என் மீசைக்குச் சாயம் பூச வந்தார். அந்தப் பேச்சுத்தான் இரண்டு மாதம் ஊர் சுற்றி இப்போது காபிஸ் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஊர் சிரிக்கட்டும். நான் விடுவதாக இல்லை. என் சுபாவம் உங்களுக்குத் தெரியும், கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்கமாட்டேன். ஆனாலும் இதில் பின்வாங்கமாட்டேன். உங்கள் அப்பா வளர்த்த வம்சத்தில் மிஞ்சிய ஆண் இவர் ஒருவர்தான். தாய் செத்த குட்டியை உங்கள் அக்கா சாலிஹா மடியில் போட்டு ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்தாள். அவள் கை பட்டதில் வாலாட்டிக்கொண்டிருப்பது இப்போது இவர் மட்டுமே. இவரோடு எல்லாம் முடிய நான் சம்மதிக்கவில்லை.

ஆகவே டாக்டரம்மா சொன்னபடியே செய்தேன். காலையில் ஒட்டகப்பால், மாத்திரைகள். வெயில் ஏறினால் நிழல். பின்சுவர் ஓரம் அவரே மணலில் முன்பே ஒரு பள்ளம் தோண்டிவைத்திருந்தார், மதியமெல்லாம் அங்கேதான் கிடக்கிறார். அவருடைய புத்தியை மெச்சி, மண் குளிர்ந்திருக்கட்டும் என்று நானும் தினம் தண்ணீர் தெளித்துவருகிறேன். பள்ளம் நன்றாக ஆழமாகிவிட்டது. திரும்பிவரும்போது உடம்பெல்லாம் மண்ணும் அசதியுமாக இருக்கிறார். வயதுதானே!

இந்த வாரம் மறுபடி மாதிரி எடுத்தோம். டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "கூடல வாத்தியாரே, இன்னும் கொஞ்சம் கொறஞ்சிருக்கு." எனக்கு அழுகை வந்துவிட்டது. இருந்தாலும் மைத்துனரே, நாலு பேர் நேராகப் போனாலே போதும். ரீமுக்குச் சரியான நாள் எது என்று ரத்தம் பார்த்துச் சொல்ல முடியுமாம். கெபிலிக்காரரின் ஆண் இளசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சாலிஹா மடியில் வளர்ந்தவர் இல்லை. இன்னும் இரண்டு மாதம் மருந்தும் ஓய்வும் கொடுத்துப் பார்க்கிறேன். ரீமின் அடுத்த பருவம் வரைக்கும் அவளை வேறு யாருக்கும் விடாதீர்கள். இதைக் கேட்கவே இவ்வளவு எழுதினேன்.

வீட்டில் எல்லாருக்கும் என் துஆக்கள். உங்கள் தோட்டத்து மாதுளை நன்றாகக் காய்க்கட்டும், முழங்கால் மடங்கட்டும், கோபம் தணியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்,
துஹாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லஸாத் ஒரு கூடையோடு வந்து கதவைத் தட்டினார். தின்று தின்று கொழுத்துவிட்டது என்று அவர் திட்டிக்கொண்டிருந்த காவல் நாய் இன்று காலை ஆறு குட்டி போட்டிருக்கிறது. ஆறுக்கும் நெஞ்சில் மப்ரூக்கின் அதே வெள்ளைப் பொட்டு. "உங்க பெரியவரு என் வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்து போயிட்டிருந்திருக்காரு, வாத்தியாரே. பள்ளம் என் முற்றத்துலதான் வந்து முடியுது, இப்போ அங்கேருந்து தெருவுக்கும் போறாரு" என்றார். மப்ரூக் எனக்குப் பின்னால் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ ரெண்டு தடவையும் நான் பார்த்தது மிச்சம் மீதியா?" என்றார். ஆகவே மேலே எழுதிய மருந்து, ஓய்வு, இரண்டு மாதம் எதையும் பொருட்படுத்தாமல் ரீமை இந்தப் பருவத்துக்கே அனுப்பிவையுங்கள். பள்ளத்தைக் கல் வைத்து மூடிவிட்டேன். இன்னொன்று: வாத்தியாருக்கு ஆறு பிறந்திருக்கிறது என்று லஸாத் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். உங்கள் காதுக்கு வந்தால் தயவுசெய்து முதலில் எனக்குக் கடிதம் போடுங்கள், கத்தாதீர்கள்.