ரிலே நைனாவின் பத்து நிமிடம்

கடிகாரத்தை நம்பாமல், கம்ப்யூட்டரையும் நம்பாமல், அந்த இரண்டையும் வைத்தே ஒரு குப்பத்துக்கு வருஷக்கணக்கில் குடிதண்ணீர் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் பேரூராட்சியில் பம்ப் ஆபரேட்டர். சம்பளப் பட்டியலில் அவருக்கு முறையான ஒரு பெயர் உண்டு. தலைமை எழுத்தராக இருந்து மாதாமாதம் அந்தப் பட்டியலைச் சரிபார்த்தவன் நான். எனக்கே அந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. குப்பத்துக்கு அவர் ரிலே நைனா. எனக்கும் அப்படியே.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருந்தது அந்தக் குப்பம். தோப்பு ஓரத்தில் ஒரு கிணறு. அலைச் சத்தம் கேட்கும் தூரம்தான், ஆனால் தண்ணீர் இளநீர் போல இருக்கும். மணலுக்குள் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயும் படுத்திருக்கின்றன என்றும், அவசரப்பட்டு இறைத்தால் கீழே இருப்பது விழித்துக்கொள்ளும் என்றும் நைனா சொல்வார். அதனால் மணிக்கு ஒருமுறை பன்னிரண்டு நிமிடம் மட்டும் மோட்டார் ஓட வேண்டும். மீதி நாற்பத்தெட்டு நிமிடம் கிணறு ஊற வேண்டும்.

“பன்னண்டு நிமிசம் சக்கரை, பதினஞ்சு நிமிசம் சப்பை, இருவது நிமிசம் சமுத்திரம் சார். அவ்ளோதான் கணக்கு.”

இந்தக் கணக்கை அவர் முதலில் கையாலேயே நடத்தினார். காலை ஐந்திலிருந்து இரவு எட்டு வரை மணிக்கு மணி ஸ்டார்ட்டரை அழுத்தி, பன்னிரண்டாவது நிமிடம் நிறுத்துவார். அவருடைய வாழ்க்கையே நாற்பத்தெட்டு நிமிடத் துண்டுகளாக இருந்தது. ஒரு துண்டில் சாப்பாடு, ஒரு துண்டில் சவரம், ஒரு துண்டில் மனைவியோடு சண்டை. சண்டை முடியாவிட்டால் பன்னிரண்டு நிமிடம் ஒத்திவைத்துவிட்டு வந்து தொடர்வார். மச்சினன் கல்யாணம் அச்சரப்பாக்கத்தில் நடந்தபோது, போய்வர ஒரு துண்டு போதாது என்று போகவே இல்லை. மச்சினன் மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் விசாரித்தபோது, “பேசாட்டிப் போறான் சார். அவன் வூட்டுத் தண்ணி இன்னா உப்பாவா ஆயிடுச்சி?” என்றார்.

இந்த நிலையில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டோம். கழிக்கப்பட்ட பொருளைப் பதிவேட்டில் ஏற்றி, ஏலம் விடும் வரை பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. பகல் முழுக்க ஆள் இருக்கும் ஒரே இடம் பம்ப் ஹவுஸ் என்பதால் அங்கே அனுப்பிவைத்தேன். ஏலம் வரவில்லை. எந்த ஏலமும் வந்ததில்லை. ஆக, அரசுப் பதிவேட்டின்படி இறந்துபோன அந்த கம்ப்யூட்டர் கடற்கரையில் இன்னொரு பிறவி எடுத்தது.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவர் நைனா. ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆயுளில் அவர் எடுத்த ஒரே விடுப்பு அதுதான், சென்னைக்குப் போய் எட்டு ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்சுகள், கொண்ட ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வந்தார். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்கு, இன்னொன்று மோட்டார் ஸ்டார்ட்டருக்கு. கூடவே வந்த மென்பொருளைத் திறந்தால் திரையில் எட்டுப் பொத்தான்கள், கீழே ஓர் அட்டவணை. எந்த ரிலே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போட வேண்டும், எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும் என்று அதில் எழுதிவிட்டால் போதும். நேரம் வந்ததும் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம், ஒரு சிவப்பு விளக்கு, வெளியே மோட்டார் உறுமல்.

இனி நைனாவுக்கு விடுதலை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரோ கம்ப்யூட்டருக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். அட்டவணைப்படி ரிலே ‘டக்’ என்றதும் “சரி” என்பார். அணைந்ததும் “சரி, போ” என்பார். முன்பு கையால் செய்ததை இப்போது கண்ணால் செய்தார்.

“அதுதான் தானா போடுதே நைனா, நீ எதுக்குக் குந்திகினு கீற?” என்று தனபாக்கியம் கேட்டாள். மீன் விற்கிறவள். தண்ணீர் வரிசையில் அவள் குடம்தான் எப்போதும் முதல் குடம்.

“போடுறேன்னு சொல்லிக்கீது. போடுதான்னு யாரு பாக்குறது?”

பெட்டியில் எட்டு ரிலே இருக்க, ஒன்று மட்டும் வேலை செய்து ஏழு சும்மா இருந்தது அவரை உறுத்தியது. இரண்டாவதில் ஒரு மணியை மாட்டினார். மோட்டார் ஓடப்போகிறது என்று குப்பத்துக்கே அறிவிக்கும். மூன்றாவதில் ஒரு பழைய மேசை விசிறி. பம்ப் ஹவுஸ் நிழலில் வந்து படுக்கும் ஆடுகளை மதியம் இரண்டு மணிக்கு விரட்டுவது அதன் பணி. ஆடுகள் ஒரு வாரம் பயந்தன. பிறகு காற்றுக்காகவே ஒன்றரை மணிக்கு வந்து இடம் பிடித்தன.

எல்லாவற்றுக்கும் சிகரம், ரிலேக்களுக்கு அவர் வார விடுமுறை கொடுத்ததுதான். ஒரே ரிலே தினமும் மோட்டாரை இழுத்தால் தேய்ந்துபோகுமாம். ஞாயிற்றுக்கிழமை முதல் ரிலேக்கு ஓய்வு. மோட்டார் ஒயரைப் பிடுங்கி எட்டாவதில் மாட்டி, அட்டவணையிலும் மாற்றி எழுதிவைப்பார். எட்டாவதற்கு என்ன பதவி என்று கேட்டேன்.

“லீவு ரிசர்வு சார். ஒருத்தன் லீவு போட்டா அவன் எடத்துல நிக்கிற ஆளு. நம்ம ஆபீஸ்ல இல்லாதது அது ஒண்ணுதானே.”



அப்புறம் அந்தக் கடிகாரம். பம்ப் ஹவுஸ் சுவரில் தொங்கிய கடிகாரம் பத்து நிமிடம் வேகம். செங்கல்பட்டுக்குப் போகும் முதல் பஸ்ஸைக் கூடைக்காரப் பெண்கள் ஒருமுறை தவறவிட்டார்களாம். அன்றிலிருந்து குப்பத்தில் எல்லாக் கடிகாரமும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடும். யாரும் மனதுக்குள் கழித்துக்கொள்வதுகூடக் கிடையாது. அதுதான் அங்கே நேரம். நைனா கம்ப்யூட்டரிலும் அதே நேரத்தைத்தான் வைத்திருந்தார். இணையம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததால் அதைத் திருத்தவும் ஆள் இல்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது ஒரு மொட்டை மனு வந்தது. குடிநீரைப் பேரூராட்சித் தீர்மானப்படி காலை இரண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் தொடர்ந்து விடாமல், யாரோ ஒருவர் பதிவேட்டில் இல்லாத பெட்டியைக் கொண்டு இஷ்டத்துக்கு விடுகிறார் என்று புகார். கையெழுத்தில்லாத மனு மீது நடவடிக்கை கூடாது என்பது விதி. ஆனால் நகல் மாவட்டத்துக்குப் போயிருந்தது. பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்று கடிதம் வந்தது. பெட்டியை எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் தொடர்ந்து இறைக்கச் சொன்னால் கிணறு ஒரே வாரத்தில் கடலாகிவிடும். அதன் பிறகு குப்பத்துக்கு லாரித் தண்ணீர்தான். நைனா மூன்று நாள் சவரம் செய்யவில்லை. துண்டு இருந்தது, மனம் இல்லை.

பெட்டி இருக்க வேண்டும் என்று பதினான்கு பத்தியில் ஒரு குறிப்பு தயாரித்தேன். அப்படி ஒரு குறிப்பை அந்த அலுவலகம் கண்டதில்லை. ஆய்வு அன்று பதினொரு மணிக்குப் பொறியாளர் வருகிறார் என்பதால் சற்று முன்னதாகவே பம்ப் ஹவுஸுக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நைனா ஜீப்புக்கு வழி காட்ட ரோட்டு முனைக்குப் போயிருந்தார். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஸ்டூல் காலி.

திரையைப் பார்த்தேன். பதினொன்று ஐந்து என்றது. என் கைக்கடிகாரத்தில் பத்து ஐம்பத்தைந்து. ஒரு கோப்பைக் கவிழ்க்கத் தவறான நேரம் ஒன்று போதும் என்பது என் அனுபவம். உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரின் நேரத்தைப் பத்து ஐம்பத்தைந்து என்று திருத்தினேன். சுவர்க் கடிகாரத்தையும் ஸ்டூல் மேல் ஏறித் திருத்தினேன். முறைப்படி ஒரு காரியம் செய்த திருப்தியோடு இறங்கினேன்.

பதினொன்று பன்னிரண்டுக்கு அணைக்க வேண்டும் என்று அட்டவணை காத்திருந்தது. அந்தப் பன்னிரண்டை நான் பத்து நிமிடம் தள்ளிப் போட்டுவிட்டேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

பொறியாளர் வந்தார். வயது குறைவு, மரியாதை அதிகம். பெட்டியைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், ரிலேக்களின் வார விடுமுறையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பதினான்கு பத்திகளை நீட்டினேன். நைனா வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் காது மோட்டாரில் இருந்தது. உள்ளே வர ஓர் அடி வைத்தார். அதற்குள் ‘டக்’ என்று மோட்டார் நின்றுவிட்டது. தனபாக்கியம் குழாயில் கடைசியாக வந்த தண்ணீரை ஒரு சொம்பு பிடித்துப் பெருமையாகப் பொறியாளரிடம் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். விழுங்குவதா வேண்டாமா என்று முகத்திலேயே ஆலோசனை நடந்தது.

“என்னங்க இது, உப்புக் கரிக்குது?”

நைனா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஸ்டூல் மேல் பதிந்திருந்த என் செருப்புத் தடத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

“நாந்தான் சார்,” என்றார் பொறியாளரிடம். “காலைல டைமை மாத்திட்டேன். பத்து நிமிசம் ஜாஸ்தி ஓடிக்கீது. பெட்டி மேல தப்பு இல்ல.”

  வெட்கத்தோடு சொல்கிறேன், உண்மையைச் சொல்ல என்னைவிடத் தனபாக்கியம்தான் முந்திக்கொண்டாள்.

“பொய் சொல்லுது சார் இந்தாளு. பொண்டாட்டி புள்ளைய மாத்தினாலும் மாத்துமே தவிர, அது டைமை மாத்தாது. தோ நிக்கிறாரே பெரிய சாரு, அவருதான் ஸ்டூல் மேல ஏறினாரு. கொடத்தோட ஜன்னல்ல நின்னு பாத்துகினுதான் இருந்தேன்.”

“ஆமாம்,” என்றேன். “நான்தான். கடிகாரம் தவறாக இருந்தது. சரியாக வைத்தேன்.”

பொறியாளர் சொம்பை மறுபடி பார்த்தார்.  பிறகு என் குறிப்பை வாங்கி, பேனாவை எடுத்து, என் பதினான்கு பத்திகளுக்கும் கீழே ஒரே ஒரு பத்தி எழுதினார். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பத்து நிமிடம் கூடுதலாக ஓடியதற்கே கிணறு உப்பாவது நேரடி ஆய்வில் உறுதியானது. இரண்டு மணி நேரம் தொடர்ந்து இறைக்கக் கூடாது. தற்போதைய முறையே தொடரலாம். பெட்டியைப் பதிவேட்டில் ஏற்றவும். நான் பதினான்கு பத்தியில் நிரூபிக்க முடியாததை என் தவறு ஒரு வாய்த் தண்ணீரில் நிரூபித்துவிட்டது.

கடிகாரத்தைத் தொட்டதற்குத் தலைமை எழுத்தரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. எங்கள் அலுவலகத்தில் விளக்கம் கேட்கும் கடிதங்களைத் தயாரிப்பது தலைமை எழுத்தர். என்னைக் கண்டித்து நானே கடுமையாக எழுதி, அதற்கு நானே பணிவாகப் பதில் எழுதி, கோப்பை நானே மூடினேன்.

அன்று ஜீப் போனதும் நைனா ஸ்டூலில் ஏறி முள்ளைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினார். எதற்குப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று கேட்டேன்.

“நாலு மாசத்துல போற மனுசனுக்கு எதுக்கு சார் பேஜாரு?” என்றவர், இறங்கி நின்று, “ஆனா இனிமே அந்த முள்ளைத் தொட்டீங்க, லீவு ரிசர்வுல போட்டுடுவேன்” என்றார்.

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகம் எனக்கு ஒரு சால்வை போர்த்தியது. நைனா வரவில்லை, நாற்பத்தெட்டு நிமிடம் போதாதே. தனபாக்கியத்திடம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தனுப்பியிருந்தார். இப்போது அந்தக் குப்பத்துக்குப் பெரிய குழாயில் வேறு தண்ணீர் வருகிறதாம். கிணற்றுக்கு நிரந்தர ஓய்வு. நைனாவும் ஓய்வு பெற்று, கருங்குழியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. அங்கே எதிரே உட்கார அவருக்கு ஒரு பெட்டி இருக்கிறதோ என்னவோ.

செங்கல்பட்டில் என் வீட்டுக் கூடத்தில் அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாகத்தான் ஓடுகிறது. என் மகன் வரும்போதெல்லாம் அதைச் சரியான நேரத்துக்குத் திருத்திவைத்துவிட்டுப் போகிறான். அவன் தெருமுனை தாண்டியதும் நான் ஸ்டூலைத் தேடுகிறேன்.