‘ஏதோ குறையுது’ பேராசிரியர்

உலகத்தில் குறை சொல்கிறவர்கள் பல வகை. காபியில் சர்க்கரை குறைவு என்பவர், கல்யாணத்தில் மரியாதை குறைவு என்பவர், பஸ்ஸில் வேகம் குறைவு என்பவர். இவர்களெல்லாம் நல்லவர்கள், என்ன குறைகிறது என்பதையாவது சொல்லிவிடுகிறார்கள். இங்கே நீங்கள் சந்திக்கப்போகிறவர் வேறு இனம். ஏதோ குறைகிறது என்பது மட்டும் இவருக்குத் தெரியும். என்ன என்று தெரியாது. கேட்டால், கேட்டவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நன்றாக வளர்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் செஞ்சிக்கு வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாடக நடனத் துறை எங்கே என்று கேட்டால், சலங்கைச் சத்தமும் சண்டைச் சத்தமும் கலந்து வரும் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தைக் காட்டுவார்கள். அதன் ஒத்திகைக் கூடத்தில், மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியில் சாய்ந்திருப்பவர்தான் பேராசிரியர் பார்த்திபன்.

மாணவர்கள் வியர்க்க விறுவிறுக்க ஆடி முடித்து, மூச்சு வாங்கியபடி வரிசையாக வந்து நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் கண்ணாடியைக் கழற்றுவார், ஜிப்பா நுனியால் துடைப்பார், துடைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பார்த்ததை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தலையை இடது பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, காற்றிலிருந்து எதையோ சிட்டிகை எடுப்பதுபோல் இரண்டு விரல்களைத் தேய்ப்பார். பிறகு தீர்ப்பு வரும்.

“எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது.”

அவ்வளவுதான். எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

வீட்டில் மட்டும் வேறு ஆளா? சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் தலை சாயும். அவர் மனைவி வளர்மதி முன்பெல்லாம் கேட்டுப் பார்த்தார்.

“உப்பா, புளியா?”

“அதெல்லாம் இல்ல. ஒரு இது.”

“எது?”

“அத வாயால சொல்ல முடியாது வளரு.”

இப்போது அவர் கேட்பதில்லை. உப்பு ஜாடியையும் ஊறுகாயையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு டிவி பார்க்கப் போய்விடுகிறார்.

ஏன் இவர் இப்படி? கண்ணை மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து மனதுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடலாம். உள்ளே இருப்பது பயம், வேறொன்றுமில்லை. ‘நல்லா இருக்குது’ என்று சொன்னால், ‘எது சார் நல்லா இருக்குது?’ என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதைவிட மோசம், இவரைவிடப் பெரிய ஆள் ஒருவர் வந்து, ‘இதையா நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க?’ என்று கேட்டுவிடலாம். குறைகிறது என்றவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆழமான மனுஷர் என்று எண்ணி மாலை போடுகிறார்கள். பார்த்திபன் இதை இளம் வயதிலேயே கண்டுகொண்டார். பாராட்டுவதை அன்றோடு விட்டார்.

இந்த வருஷம் அவரிடம் மாட்டியவள் முதுகலை இறுதியாண்டு ஜினப்பிரியா. கோட்டைக்கு மேலே தண்ணீர் சுமந்த பெண்கள், ஒருநாள் குடங்களை இறக்கி வைத்துவிட்டு ராஜாவிடம் நியாயம் கேட்பதாக ஒரு நாட்டிய நாடகம் எழுதி, ஆட்களைப் பிடித்து, ஆடப் பழக்கி வைத்திருந்தாள். சென்னை விழாவுக்குத் துறையிலிருந்து ஒரே ஒரு நாடகம் போகலாம். போகலாம் என்று சொல்ல வேண்டியவர் பார்த்திபன். அவர் சொல்லாவிட்டால் அந்தக் குடங்கள் ஒத்திகைக் கூடத்தைத் தாண்டப்போவதில்லை.

முதல் ஒத்திகையில் ஏதோ குறைந்தது. உடுக்கை சேர்த்தாள். குறைந்தது. குடங்களைக் கூட்டினாள், தீப்பந்தம் வைத்தாள், ராஜாவுக்கு நீளமாக ஒரு வசனம் எழுதினாள். அப்போதும் குறைந்தது. “உயிர்தான் கொறையுதோ இன்னாவோ?” என்று அவள் தோழி ஜெயஸ்ரீ யோசனை சொல்ல, சீயமங்கலத்திலிருந்த ஜெயஸ்ரீயின் மாமா வீட்டு வெள்ளாடு ஆட்டோவில் வந்து இறங்கி, சிம்மாசனத்தின் காலில் கட்டப்பட்டது. ஆடு பிரமாதமாக நடித்தது. தலை மறுபடியும் இடது பக்கம் சாய்ந்தது.

உண்மையில் அங்கே குறைந்தது ஜினப்பிரியாவின் சாப்பாடு. அவள் சமண வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. பார்த்திபன் கண்ணைத் திறந்து, “இன்னொரு வாட்டி பாக்கலாம்” என்பதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருக்கும். அம்மா கட்டிக்கொடுத்த டிபன் கேரியர் திறக்காமலே வீடு திரும்பும். அவருக்கு இது தெரியாதா? தெரியும். கலைஞனுக்குப் பசி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதைச் சொன்னபோது அவர் கையில் பாதி போண்டா இருந்தது.

கடைசிப் பார்வை நாள் வந்தது. ராஜா வரவில்லை. ராஜாவாக நடிக்கும் ஆனந்தராஜ், அக்கா பையனின் காதுகுத்துக்கு அனந்தபுரம் போனவன், வழியில் பஸ் நின்றுபோய் ரோட்டோரத்திலிருந்து போன் செய்தான். இருங்கள், எப்படியாவது வந்துவிடுகிறேன் என்றான்.

“இன்னாடி பண்றது?” என்றாள் ஜெயஸ்ரீ.

ஜினப்பிரியா ஜன்னல் வழியே சூரியனைப் பார்த்தாள். பிறகு டிபன் கேரியரைப் பார்த்தாள்.

“ஆரம்பிங்கடி. அவன் பேசுற எடத்துல, அவன் டயலாக்க மனசுக்குள்ள சொல்லிக்கினு நில்லுங்க. முடிஞ்சதும் உங்களுது. இவனுக்காக இன்னிக்கும் பட்டினி கெடக்க என்னால ஆவாது.”

ஆட்டம் தொடங்கியது. பெண்கள் குடங்களோடு ஏறி வந்து, “தோளு தேஞ்சுபோச்சு மகாராஜா” என்று காலிச் சிம்மாசனத்தைப் பார்த்துச் சொன்னார்கள். பதில் இல்லை. நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். வழக்கமாக ராஜாவின் கர்ஜனையில் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கிடக்கும் பார்த்திபன், சத்தம் இல்லாததால் கண்ணைத் திறந்தார். ராஜாவின் கழுத்துக்குப் போக வேண்டிய மாலை சிம்மாசனத்தில் கிடந்தது. ஆடு அதை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. “உத்தரவு மகாராஜா” என்று பெண்கள் தலை குனிந்து மறுபடி குடங்களைத் தூக்கியபோது, பார்த்திபனின் ஜிப்பா நுனி கண்ணுக்குப் போனது. மனுஷர் நிஜமாகவே அழுதுவிட்டார்.

“நிறைவா இருக்குது” என்றார் எழுந்து நின்று. “ஒண்ணுமே குறையல. சென்னைக்குப் போவட்டும்.”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, பெரிய ஒட்டு மீசையோடு ஆனந்தராஜ் ஓடி வந்தான்.

“மன்னிச்சுக்குங்க சார், பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சு.”

“அதுக்கு ஏண்டா இப்படி ஓடியாற? இதுல உனக்கு இன்னா வேஷம்?”

“நான்தான் சார் ராஜா.”

இத்தனை ஒத்திகையிலும் பார்த்திபன் மேடையில் இல்லாததைத்தான் தேடினார். இருந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லாக் கண்களும் இப்போது அவர்மேல். கண்ணாடி கழன்றது. ஜிப்பா நுனி வந்தது. தலை மெல்லச் சாயத் தொடங்கியது. போச்சு, சொன்னதைத் திரும்ப வாங்கப்போகிறார் என்று நினைத்த ஜினப்பிரியா டிபன் கேரியர் பக்கம் நகர்ந்தாள்.

“எனக்குத் தெரியாதா?” என்றார் பார்த்திபன். “நீ வந்திருந்தாதான்டா கெட்டுப்போயிருக்கும். இப்படியே போவட்டும்.”

“அப்ப நான் சார்?”

“நீ ஆட்டப் புடிச்சிக்கினு போ.”

யாரும் மனம் மாறுவதற்குள் ஜினப்பிரியா டிபன் கேரியரைத் திறந்துவிட்டாள். மலை உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. வெளியே போன பார்த்திபன், வாசலில் நின்று திரும்பினார்.

“ஆனா ஜினப்பிரியா...”

“வாய்ல சோறு இருக்குது சார்” என்றாள் அவள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் போன வாரம் உங்கள் வீட்டுச் சின்னப் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் நீட்டினாளே, வீடும் மரமும் நீங்களும் அம்மாவும் வரைந்திருந்த தாள், அப்போது உங்கள் தலை எந்தப் பக்கம் சாய்ந்தது? உங்களுக்கு மறந்திருக்கும். அவளைக் கேளுங்கள்.