போயிட்டு வராதீங்க

யாராவது என்னை ‘சார்’ என்று கூப்பிட்டால், இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பேன், எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான்தான் விட்டேன் என்பார்கள் வீட்டில், இரு தரப்புக்கும் சம்மதம்தான்). பிறகு போர்வெல் லாரி, திருப்பூர் பனியன் கம்பெனி, பரோட்டாக் கடையில் மாவு பிசைவது என்று சுற்றினேன். பல நாள் படுக்கை அறந்தாங்கி பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுதான். மழை பெய்தால் மட்டும் நகர்ந்து படுக்க வேண்டும்.

அப்படிப்பட்ட எனக்கு மணமேல்குடியில் ஒரு தையல் பயிற்சி மையத்தில் வேலை கிடைத்தது. சாப்பாடு உண்டு, தங்க அறை உண்டு. ஒரு மாதம் கழித்து டைரக்டர் வந்து பார்த்துப் பிடித்தால்தான் நிரந்தரம். கூரைக்குக் கீழே காலை நீட்டிப் படுத்துப் பழகிவிட்டது. அதை விட மனசில்லை.

வகுப்புக்கு முன்னால் இருபது பெண்களுக்கும் கூச்சம் போக, கவனம் குவிய, எல்லாரும் ஒன்றாய் இயங்க விளையாட்டு நடத்துவது என் பொறுப்பு. கை தட்டச் சொன்னேன். இருபது பேரும் இருபது நேரத்தில் தட்டினார்கள். தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல இருந்தது.

டைரக்டர் வரும் நாளன்று புதிய ஆட்டம் ஒன்றை இறக்கினேன். நான் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஏமாந்தவர் வெளியே. பரிசு, எனக்கிருந்த ஒரே சொத்தான எவர்சில்வர் தூக்குவாளி.

“நான் ஏமாத்துவேன். ஆட்டம் முடிஞ்சிருச்சும்பேன், நம்பாதீங்க. மணி அடிச்சாத்தான் முடிவு” என்றேன். (இதை யார் சொல்லச் சொன்னது? யாரும் இல்லை.)

தூக்குவாளி நன்றாக வேலை செய்தது. ஒருத்தர்கூட வெளியேறவில்லை. மத்தியானம் வர வேண்டிய ஜீப், ஆட்டத்தின் நடுவில் பதினோரு மணிக்கே வந்துவிட்டது. டைரக்டர், எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை எடுக்காத மனிதர்.

“எந்திரிச்சு வணக்கம் சொல்லுங்க!” என்றேன். இருபது பேரும் சொத்தென்று உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

“ஐயோ, ஆட்டம் முடிஞ்சிருச்சும்மா!”

“பாத்தீங்களாடி, ஏமாத்துறாரு. ஆரும் அசையாதீங்க” என்று கிசுகிசுத்தாள் முன்வரிசைச் செல்வி.

மணி அடிக்க ஓடினேன். அடிக்கும் கம்பியைக் காணோம். சமையலம்மா எடுத்துப் போயிருந்தார் (தேங்காய் உடைக்க அதுதான் வாகாம்). அவர் டைரக்டருக்காக மீன் வாங்கப் போயிருந்தார்.

“என்னய்யா, ஒருத்தரும் வாயத் தொறக்கல?”

“ஒழுக்கம்ங்கய்யா.”

“பேசச் சொல்லுய்யா.”

“பேசுங்கம்மா!” என்று கெஞ்சினேன். உதடுகள் இன்னும் இறுகின.

டைரக்டர் முகம் சிவந்தது. “சரி, நான் போயிட்டு வாரேன்” என்று ஜீப்பில் ஒரு காலை வைத்தார். கிளம்புகிறவரிடம் வெறும் ‘போங்க’ என்று சொன்னாலே அபசகுனம் என்கிற ஊர் எங்கள் ஊர். இந்த மரியாதையாவது மிஞ்சட்டும் என்று கத்தினேன்: “ஐயாவப் போயிட்டு வாங்கன்னு சொல்லுங்கம்மா!”

இருபது வாய், ஒரே குரல்: “போயிட்டு வராதீங்க!”

ஒரு மாதமாக வராத ஒற்றுமை அன்று வந்தது. டைரக்டர் காலைக் கீழே வைத்தார். தண்ணீர் குடித்தார். புதிதாக நாலு எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி நசுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “நீ போய்யா” என்றார். ‘வா’ சேர்க்கவில்லை.

‘உட்காருங்க’ என்று சொல்லியிருந்தால் எழுந்திருப்பார்களே! அது அறந்தாங்கி பஸ்ஸில்தான் எனக்குத் தோன்றியது.

அன்று மணி அடிக்காமலே மையம் கலைந்ததாம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் தூக்குவாளி செல்விக்கு விழுந்ததாம். திருப்பிக் கேட்க நாலு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். ஐந்தாவது தடவை என் அக்காவோடு வெற்றிலை பாக்குத் தட்டுடன் போனேன்.

இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். காலையில் அதே தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று “போயிட்டு வராதீங்க” என்பாள் செல்வி. பக்கத்து வீட்டம்மா காதைப் பொத்திக்கொள்வார். எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எந்த ஊரிலும் ஒரு வருஷம் தரிக்காதவன், பதினோரு வருஷமாகச் சாயங்காலம் வீடு திரும்பிவிடுகிறேன். “போதும்டி அந்த ஆட்டம்” என்றால், “மணி அடிக்கலையே” என்கிறாள்.