ஈ-மெயில் சிறுகோட்டுப் பெரும்போர்

பிழை கண்டவிடத்துப் பொங்கி எழுபவனும், சிவப்புப் பேனாவைக் கூர்வேலெனச் செவியிடுக்கில் செருகியவனும், ‘ரிசீவ்’ என்னும் ஆங்கிலச் சொல்லில் ஈ முன்னும் ஐ பின்னுமாய் அமரவேண்டிய ஆசனமுறை பிறழக் கண்டால் அன்று அன்னம் தீண்டாதவனும், ‘இட்ஸ்’ என்பதன் உச்சியில் அழையாது வந்தேறிய அப்பாஸ்ட்ரபிக் கூட்டத்தை ஆண்டாண்டாய் அறுத்துச் சாய்த்தவனுமாகிய, அச்சகத்தார் அஞ்சி நடுங்கிக் ‘கமா சார்’ என்றழைக்கும் மெய்ப்புத் திருத்துநன் வாழ்க! அவன் மை வற்றாது வாழ்க!

அத்தகையோன் மேசைக்கு ஒரு முற்பகலில் பல் டாக்டர் ஒருவரின் விசிட்டிங் கார்டின் மெய்ப்புத் தாள் வந்து சேர்ந்தது. அதன் அடிவரியை நோக்கினான். நோக்கிய கண் சிவந்தான். ஈக்கும் மெயிலுக்கும் இடையே எல்லைக்காவல் புரிந்த, ஹைபன் என்னும் சிறுகோட்டைக் காணோம். அந்த ஈ, தட்டிக்கேட்க ஆளின்றி, மெயிலின்மேல் போய் உட்கார்ந்திருந்தது!

கோட்டைப் பிடுங்கிய கொடியவள் யாரெனில், கணினித் திரைமுன் வீற்றிருந்த வடிவமைப்பாளினி. அவன் இல்லாளின் இளைய தங்கை. அவனே முதலாளியிடம் பரிந்துரைத்து வேலையில் அமர்த்திய சொந்த மச்சினி. அவன் கோட்டை நட்டான், அவள் பெயர்த்தாள். மீண்டும் நட்டான், இம்முறை தாள் கிழிய. மீண்டும் பெயர்த்தாள், ஒற்றை விரலால். இருபெருங் களிறுகள் ஒரு கரும்புக்கு மோதினாற்போல் இருவரும் பொருத அவ்வேளையில், அச்சு இயந்திரம் பசித்த பூதமாய் வாய்திறந்து நிற்க, அதனை ஓட்டுபவர் கதவருகே வந்து கைகட்டி நின்றார்.

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கப்பா. மெஷின் சும்மா நிக்குது.”

அதுகேட்ட வீரன், நாற்காலி அலறிப் பின்வாங்க எழுந்து, அறை அதிர முழங்கினான்: “கோடு இல்லாம இந்த அட்டை அச்சுக்குப் போச்சுன்னா, இந்தப் பேனாவ இனிமே நான் தொடமாட்டேன்!”

மச்சினி திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “அத்தான், ஒரு சின்ன சந்தேகம். ‘டுடே’ன்னு எழுதுறப்ப நடுவுல கோடு போடுவீங்களா?”

அம்பு தைத்தது. ஏனெனில் அவன் அறிவான்: ‘டு’வுக்கும் ‘டே’வுக்கும் நடுவிலும் ஒருகாலத்தில் கோடு இருந்தது, பழம்புத்தகங்களில் அவனே கண்டிருக்கிறான், அது உதிர்ந்தபோது எவரும் அழுததாய்ச் செய்தியில்லை, அவனும் ஒருநாளேனும் அதனைத் தேடியதில்லை.

ஆயினும் தளராது, அலமாரியின் உச்சியிலிருந்து செங்கல் கனத்த அகராதியை இறக்கி, தூசு பறக்கப் புரட்டினான். இருந்தது கோடு! “பாத்தியா!” என்று ஆர்ப்பரித்தான்.

“இது நான் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி வந்தது, அத்தான்” என்றவள், அதே அகராதியின் புதிய பதிப்பைத் திரையில் திறந்து, அவன் பக்கமாய் மெல்லத் திருப்பினாள்.

கோடு இல்லை. தான் காத்த கோட்டையின் சாவியைத் தன் அரசனே பகைவர்க்கு ஈந்தமை கண்ட தளபதிபோல் நெடும்பொழுது நின்றான் அவன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கண்டதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“சபதமெல்லாம் வேணாம் அத்தான், கையெழுத்துப் போடுங்க. அக்காகிட்ட சொல்லமாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

வேல் தாழ்ந்தது. தான் நட்ட கோட்டைத் தானே அடித்து, அதனருகே, வேரறுந்த மரம் மண்ணில் சாய்ந்தாற்போல் ஒரு கையெழுத்தைச் சாய்த்தான் கமா சார். பூதம் உறுமி எழுந்து அட்டைகளை அள்ளி உமிழ்ந்தது. கடலனைய ஆங்கிலமோ, தன் கரையில் நிகழ்ந்த இப்பெரும்போரை அறியாது, தன் போக்கில் அலையடித்துக் கொண்டிருந்தது.

மறுநாள் பல் டாக்டர் வந்து, தன் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம் என்றார்.