பலகைக்குப் போட்ட சூடு

மூன்றாவது பலகையிலும் ஒலெகாரியோவின் பெயர் பாதியில் கருகிப்போனது.

ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் இரவல் வாங்கி வந்த ஈயம் பற்றவைக்கும் கோல் அது. நேர்க்கோட்டில் ஒழுங்காகத்தான் போகிறது. வளைவில் கை கொஞ்சம் தயங்கினால் போதும், அங்கேயே ஒரு கருப்புக் குட்டை கட்டிக்கொள்கிறது. அவன் பெயரிலோ எங்கே பார்த்தாலும் வளைவு. பெற்றவர்கள் நேர்க்கோட்டு எழுத்துகளில் ஒரு பெயராக வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள்மேல் எரிச்சல் வந்தது.

சனிக்கிழமை சந்தை. பண்ணைக்காரி எர்மெலிந்தா அம்மாள் மகள் கல்யாணத்துக்குப் பலகை வாங்க வருகிறாள். விருந்தாளிக்கு ஒன்று. சுட்ட இறைச்சியை மரப்பலகையில் வைத்து வெட்டித் தின்றால்தான் அந்தப் பக்கத்தில் அது விருந்து. ஊரிலேயே நல்ல பலகை ஒலெகாரியோவுடையது. ஆனால் ஊருக்கு அது தெரியாது. அவன் மச்சான் பௌதிலியோ இவனிடம் வாங்கி, தலைநகர் மொந்தேவிதேயோவில் தன் கைவேலை என்று விற்றுக்கொண்டிருந்தான். பத்திரிகையில் படம்கூட வந்தது. உளியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உன் அண்ணன் பண்றது அநியாயம்னு நீயே ஒரு வார்த்தை சொல்லேன்" என்று மனைவி நியேவெஸிடம் கேட்டான்.

"எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். சந்தையில நின்னு அவனைத் திருடன்னு என் வாயால சொல்லமாட்டேன்" என்று அவள் மாத்தே இலைச்சாற்றைக் குழலில் உறிஞ்சினாள். "உங்க பலகைதானே, உங்க பேரைப் போடுங்க."

அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

கருகியதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். கருப்பு ஆழமாக இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பலகையில் பள்ளம் விழுந்தது. கடைசியில் இறைச்சியைவிட சூப்புக்குத்தான் அது தோதுபட்டது. கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓவிய ஆசிரியரிடம் ஓடினான். அவர் மெல்லிய கம்பி முனை வைத்த சூட்டுப் பேனா ஒன்றைக் கொடுத்தார். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகு உண்டு. பட்டுப்போல எழுதும் என்றார்.

எழுதியது. ஆனால் அது மென்மையான மரத்துக்குப் பழகிய பேனா. இவனுடைய மரம் இரும்பு மாதிரி. கம்பி மரத்தின் ரேகையோடு ரேகையாகத் தன்பாட்டுக்கு ஓடியது. எழுதி முடித்துப் பார்த்தால் பெயரைக் காணோம், மரத்தின் ரேகையில் இன்னும் ஒன்று கூடியிருந்தது. திருகை முழுக்கத் திருப்பினான். கம்பி சிவந்து, துவண்டு, ஆசிரியரிடம் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அறுந்துவிழுந்தது.

அன்று முழுக்க ஒலெகாரியோ ஓரிடத்தில் நிற்கவில்லை. பட்டறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். தடிமுனையா, மெல்லிய முனையா, எழுதுவதா, அச்சா என்று சுவரிடம் கேட்டான். அச்சுதான் என்று கடைசியில் சுவரே சொன்னதுபோல முடிவெடுத்தான். காய்ச்சி ஒரே அழுத்து. கை நடுங்க நேரமே இருக்காது. கொல்லன் தெல்மிரோவிடம் ஒன்று செய்துவாங்கி வரச்சொல்லி நியேவெஸை விரட்டினான். அவள் மறுபேச்சில்லாமல் கிளம்பிப்போனாள். அதுவே அவனுக்கு ஆச்சரியம்.

மாலையில் ஒரு சூட்டுக்கோலைக் கொண்டுவந்து வைத்தாள். நீளக் கைப்பிடி, நுனியில் ஒரு வட்டம், வட்டத்துக்கு ஒரு வால்.

"என் பேரோட முதல் எழுத்து. வாலு எதுக்கு?"

"அழகுக்கு."

கழிவுக்கட்டையில் வைத்துப் பார்த்தான். எடுத்ததும் அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவு சுத்தமான குறி. அந்த ஊரில் பால்குடிக்கும் குழந்தைக்குக்கூட மாட்டுமேல் சூடுபோட்ட எந்தக் குறி எந்தப் பண்ணையுடையது என்று தெரியும். ஒலெகாரியோவுக்கு மட்டும் தெரியாது. மாடு வேலியோரம் நின்றால் அவன் வேலிக்கட்டையைத்தான் பார்ப்பான்.

எல்லாப் பலகைக்கும் சூடு போட்டு முடித்து, கோலை முக்காலியில் சாய்த்துவிட்டு, தன் வேலையைத் தூர நின்று ரசித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து அதே முக்காலியில் உட்கார்ந்தான்.

நியேவெஸ் களிம்பு பூசும்போது தோள் குலுங்கச் சிரித்தாள். "இப்ப நீங்களும் குறி போட்ட உருப்படிதான்."

சந்தையில் அவன் நின்றுகொண்டேதான் விற்கவேண்டியிருந்தது. அதைவிட வயிற்றெரிச்சல், நியேவெஸ் தன் அண்ணனையே ஒத்தாசைக்கு அழைத்திருந்தாள். பலகைகளைக் குறி மேலே தெரிய அடுக்கினதும் அவள்தான். தலைநகரத்துச் சட்டையில் வந்த பௌதிலியோ எதையும் கவனிக்காமல் கடை நடுவில் போய் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டினான்.

எர்மெலிந்தா அம்மாள் காரியஸ்தரோடு வந்தாள். ஒரு பலகையை எடுத்துத் தடவிப்பார்த்தாள்.

"இதெல்லாம் யாரு செஞ்சது?"

ஒலெகாரியோ வாய் திறப்பதற்குள் பௌதிலியோ நெஞ்சில் கைவைத்தான். "அடியேன்தாங்க."

"அப்படியா. இது என் பண்ணைக் குறி. என் மாட்டு மேல இருக்கவேண்டியது உங்க பலகைக்கு எப்படி வந்துச்சு?"

அடுத்தவர் குறியை வைத்திருப்பவனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரே பெயர்தான்: மாட்டுத் திருடன். பௌதிலியோ அப்போதுதான் குனிந்து பலகையைப் பார்த்தான். முகம் சாம்பலாகிவிட்டது.

"ஐயோ, நான் இல்லீங்க. மாப்ள செஞ்சது."

"இது மட்டுமா?"

"எல்லாமே அவர்தாங்க. தலைநகர்ல வித்தது, பேப்பர்ல வந்தது, எல்லாம். எனக்கு உளியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது, என் தங்கச்சியைக் கேளுங்க." சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் நழுவிவிட்டான்.

ஆண்டுக்கணக்காக ஏங்கிய பெருமை ஒலெகாரியோவுக்கு வந்துசேர்ந்தது, கூடவே ஜெயிலும் வருகிறதே என்று அழுகை முட்டியது. பின்பக்கத்தை யாரும் பார்த்துவிடாதபடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டான். காரியஸ்தரோ சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டு, பலகைகளை வண்டியில் ஏற்றத் தொடங்கியிருந்தார். மிச்சத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் முடித்துத் தரவேண்டும் என்றார்.

"அம்மா, நான் திருடலீங்க" என்று இவன் தடுமாறினான். "கொல்லர் தெல்மிரோ செஞ்ச கோல்தான். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

நியேவெஸ் மும்முரமாக மாத்தேக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எர்மெலிந்தா அம்மாள் அவன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கொல்லரை எதுக்கு இழுக்கறீங்க? சந்தை முடிஞ்சதும் தந்துடறேன்னு உங்க வீட்டம்மாதானே அந்தக் கோலை என்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போனாங்க."